கப்பலுக்குப் போகேக்க பாஸ்போட் வேணுமோ?

"அக்கா, நீங்களாவது அப்பாக்குச் சொல்லுங்கோ. பாஸ்போட் தேவையில்லை எண்டு கப்பல் கொம்பனியே எழுதி வைச்சிருக்கு. இந்தாள் கேக்கிறாரில்லை."

கலிபோர்னியாவிலிருந்து தம்பி வட்ஸ்அப்பில் இப்படிக் கத்தியபோது இங்கே நெல்லியடியில் இரவு பத்து மணி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 2024 இல் பத்தரமுல்லையில் விடிய விடிய வரிசையில் நின்று பாஸ்போட் எடுத்த சனத்தில் நானும் ஒருத்தி. உல்லாசக் கப்பலில் போகிறவனுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

விசயம் இதுதான். வருகிற யூனில் சித்தப்பாவுக்கு அறுபது வயது. ஒரு கிழமை அலாஸ்காவுக்குக் கப்பலில் போவதாக முடிவு. சியாட்டிலில் ஏறி, கெச்சிக்கன், ஜூனோ என்று பனிமலைப் பக்கமெல்லாம் சுற்றி, கடைசி இரவு கனடாவின் விக்ரோரியாவில் சில மணித்தியாலம் நின்று, திரும்ப சியாட்டிலில் இறங்குவது. போகிறவர்கள் நாலு பேர்: சித்தப்பா, சித்தி, தம்பி, அம்மம்மா.

தம்பி சொல்வதில் பிழை இல்லை. பாஸ்போட் இல்லாமலும் அவன் போகலாம். ஆனால் அன்றிரவு தொடங்கி ஒரு கிழமையாக நடந்த கதையில் எங்கள் குடும்பத்துக்கு வேறு ஒன்று தெரியவந்தது. அதற்குப் பிறகு என்னுடைய கருத்தும் உறுதியாகிவிட்டது. கப்பலில் போகிறீர்களா, பாஸ்போட்டைக் கொண்டு போங்கோ. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம்.

அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்பி வருவதென்றால் 2007 இலிருந்து பாஸ்போட் கட்டாயம். தரைவழியாகவும் கடல்வழியாகவும் வருகிறவர்களுக்கும் 2009 யூன் 1 ஆம் திகதியிலிருந்து பாஸ்போட்டோ அதற்குச் சமமான இன்னொரு பத்திரமோ வேண்டும் என்று ஆக்கினார்கள். அதில் ஒரு விலக்கு வைத்தார்கள். ஏறிய அமெரிக்கத் துறைமுகத்திலேயே திரும்பி இறங்குகிற கப்பல், இடையில் கனடா, மெக்சிக்கோ, கரீபியன் தீவுகள் போன்ற பக்கத்து இடங்களுக்கு மட்டும் போய் வருகிறது என்றால், அதில் போகும் அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசாங்கம் கொடுத்த படமுள்ள அடையாள அட்டையும் போதும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வெறும் பிறப்புச் சான்றிதழே காணும். மியாமியில் ஏறி பஹாமாஸ் பார்த்துவிட்டு மியாமியில் இறங்குகிறவர்களும், தம்பியைப் போல சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்குகிறவர்களும் இந்த விலக்குக்குள் வருவார்கள். வன்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்குகிற கப்பல் இதற்குள் வராது.

அலாஸ்காவும் அமெரிக்கா, சியாட்டிலும் அமெரிக்கா. பிறகு ஏன் இடையில் கனடா? அதற்குப் பின்னால் 1886 ஆம் ஆண்டின் சட்டமொன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது என்று அது சொல்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா, மோல்ட்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. எனவே சட்டத்துக்காக எங்காவது ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகவேண்டும். விக்ரோரியா அதற்கு வசதியான இடம். கொரோனாக் காலத்தில் கனடா தன்னுடைய துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்காப் பயணங்களை நடத்துவதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் 2021 இல் தற்காலிகச் சட்டமொன்று கொண்டுவர வேண்டி வந்தது. அந்தச் சில மணித்தியால நிறுத்தத்துக்கு அவ்வளவு பெறுமதி.

இனித் தம்பியின் பக்கம். அவனுடைய வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை.

அவனுக்கு இருபத்திநாலு வயது. சின்ன வயதில் எடுத்த பாஸ்போட் எப்போதோ முடிந்துவிட்டது. அங்கே பதினாறு வயதுக்கு முன் எடுக்கும் பாஸ்போட் ஐந்து வருசத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 165 டொலர். படிப்புக் கடன் கட்டுகிற பெடியனுக்கு அது சின்னக் காசில்லை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருள்ள ஒரு குடும்பம் எல்லோருக்கும் புதிதாக எடுப்பதென்றால் 600 டொலர் வரும். மூன்று நாள் பஹாமாஸ் பயணத்துக்கு அந்தச் செலவு ஏன் என்று கேட்பது நியாயமான கேள்வி. "சட்டம் கேக்காததை நாங்கள் ஏன் காசு குடுத்து வாங்கோணும்?" என்று தம்பி கேட்டபோது உடனே என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். "பாஸ்போட்டைக் கொண்டுபோய்த் துலைச்சால் அது பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி துலைஞ்சால் இன்னொண்டு எடுக்கலாம்." அதுவும் சரிதான்.

ஆனால் அந்த விலக்கு எதை நம்பி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ஏறிய கப்பலிலேயே, சொன்ன நாளில், சொன்ன துறைமுகத்தில் வந்து இறங்குவீர்கள் என்பதை நம்பித்தான். கப்பலை விட்டு இடையில் இறங்கவேண்டி வந்த நிமிசமே நீங்கள் அந்த விலக்குக்கு வெளியே வந்துவிடுவீர்கள். அப்போது கையில் பிறப்புச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் எந்த விமான நிறுவனமும் ஏற்றாது. தன்னுடைய குடிமகனை நாட்டுக்குள் வரவேண்டாம் என்று அமெரிக்க எல்லையில் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த எல்லைவரை உங்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய விமானக்காரர்தான் முதலில் பத்திரம் கேட்பார்.

அப்படி இறங்கவேண்டி வருமா? வரும். கரையில் போய்ச் சுற்றிவிட்டுப் பிந்தி வந்தால் கப்பல் நிற்காது. 2024 மார்ச்சில் மேற்கு ஆபிரிக்காவுக்குப் போன ஒரு பெரிய கப்பலில் இருந்து எட்டுப் பேர் சாவோ டோமே தீவில் இறங்கித் தனியாகச் சுற்றுலா போய்ப் பிந்தி வந்தார்கள். கப்பல் இன்னும் நங்கூரம் தூக்கவில்லை, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கரையோரக் காவல் படகு அவர்களைக் கிட்டக் கொண்டு போயும் ஏற்றவில்லை. அதில் வயதானவர்கள் இருந்தார்கள், ஒரு கர்ப்பிணியும் இருந்தார். பிறகு அவர்கள் நாடு நாடாகத் தாண்டி, ஒரு துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டு, கடைசியில் செனகலின் டாக்காரில்தான் போய்ப் பிடித்தார்கள். உலகச் செய்திகளில் எல்லாம் வந்த கதை இது. கப்பலில் விட்டுவந்த அவர்களுடைய பாஸ்போட்டுகளைக் கப்பல்காரர் கரையிலுள்ள முகவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்கள். ஒப்படைக்க ஒரு பாஸ்போட்டே இல்லாத ஆளாக அந்த எட்டுப் பேரில் ஒருவர் இருந்திருந்தால்?

பிந்தி வருவது நம்முடைய பிழை என்று வைப்போம். நெஞ்சுவலி யாருடைய பிழை? உல்லாசக் கப்பலில் போகிறவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். கப்பலில் ஒரு சின்ன வைத்திய நிலையம் இருக்கும், சத்திரசிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரி இருக்காது. நிலைமை மோசமென்றால் பக்கத்துத் துறைமுகத்தில் இறக்குவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு விமானம்தான். புயல் வந்தால் கப்பல் சொன்ன இடத்துக்குப் போகாமல் வேறு துறைமுகத்துக்குப் போகும். அமெரிக்க அரசாங்கமே தன் மக்களுக்கு இதைத்தான் சொல்கிறது: சட்டப்படி கட்டாயமில்லாவிட்டாலும் கப்பலில் போகிறவர்கள் பாஸ்போட் கொண்டு போவது நல்லது.

பாஸ்போட்டுக்குப் பதிலாக அங்கே ஒரு பாஸ்போட் அட்டையும் கொடுக்கிறார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் அளவு, முதல்முறை எடுக்க 65 டொலர். கடல்வழிக்கும் தரைவழிக்கும் செல்லும். சர்வதேச விமானத்துக்குச் செல்லாது. விக்ரோரியாவில் கப்பலை விட்டாலும் அட்டை இருந்தால் சியாட்டிலுக்குப் படகில் வந்துவிடலாம். ஜமைக்காவில் விட்டால் அட்டையால் பிரயோசனம் இல்லை. காசு உண்மையிலேயே இறுக்கம் என்றால், அலாஸ்காவுக்கு இந்த அட்டை ஒரு நடுவழி. தம்பிக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆனால் இவ்வளவும் தம்பியின் கதை மட்டுந்தான். அவன் அங்கே பிறந்தவன்.

அடுத்த நாள் சித்தப்பா தானே எடுத்தார். "பிள்ளை, அவன் பிறப்புச் சான்றிதழோட போகலாம். நான் எதோட போறது? என்ர பிறப்புச் சான்றிதழில பருத்தித்துறை எண்டெல்லோ கிடக்குது."

பயண இணையத்தளங்கள் எல்லாம் 'பிறப்புச் சான்றிதழ் போதும்' என்று எழுதுகிறபோது, வாசிக்கிறவர் அந்த நாட்டில் பிறந்தவர் என்று நினைத்துக்கொண்டே எழுதுகின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்து பின்னாளில் குடியுரிமை எடுத்தவர்களுக்கு அந்தப் பத்திரம் அங்கே எதையும் நிரூபிக்காது. அவர்கள் காட்டவேண்டியது குடியுரிமைச் சான்றிதழ். அதன் மூலப் பிரதியைக் கப்பலுக்குக் கொண்டுபோவதா? அது தொலைந்தால் இன்னொன்று எடுக்க 500 டொலருக்கு மேல் போகும், எப்போது வரும் என்பதையும் சொல்லமுடியாது. அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் பாஸ்போட்டைக் கொண்டு போவதுதான் புத்தி. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பாஸ்போட் இருக்கிறது, பிரச்சினை இல்லை.

அப்போதுதான் நான் கேட்டேன். "அம்மம்மா?"

"அவவுக்கென்ன, கிறீன் கார்ட் இருக்குத்தானே" என்றார் சித்தப்பா.

அம்மம்மா 2013 இல் சித்தியிடம் போனவ. இப்போது எண்பத்தொரு வயது. அமெரிக்காவுக்குத் திரும்பி வர கிறீன் கார்ட் போதும், அது உண்மை. ஆனால் கப்பல் கனடாவைத் தொடுகிறது. அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் கனடாவுக்குப் போக வீசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து கிறீன் கார்ட்டோடு தங்கள் சொந்த நாட்டின் செல்லுபடியான பாஸ்போட்டையும் காட்டவேண்டும். விமானம், தரை, கடல் எதுவாயிருந்தாலும் அப்படித்தான். அம்மம்மாவுக்கு அது இலங்கைப் பாஸ்போட்.

சித்தி அலுமாரியைக் கிண்டி அதை எடுத்தா. 2013 இல் எடுத்த பாஸ்போட். எங்கள் பாஸ்போட் பத்து வருசம்தான் செல்லும். 2023 இலேயே முடிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஒரே கப்பலில், ஒரே மேசையில் இருந்து சாப்பிடப்போகிற நாலு பேர். பேரன் பிறப்புச் சான்றிதழோடு போகலாம். மருமகனுக்குக் குடியுரிமைப் பத்திரமோ பாஸ்போட்டோ வேண்டும். அம்மம்மாவுக்கு இரண்டு பத்திரங்கள் வேண்டும், அதில் ஒன்று செத்துப்போய்க் கிடக்கிறது. 'பாஸ்போட் தேவையில்லை' என்ற ஒற்றை வரியை நம்பிப் போயிருந்தால், சியாட்டில் துறைமுகத்தில் பெட்டியோடு நின்ற அம்மம்மாவை மட்டும் ஏற்றியிருக்க மாட்டார்கள். எண்பத்தொரு வயது மனுசியை யார் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது என்று அந்த இடத்தில் சண்டை நடந்திருக்கும்.

எனக்கு உறைத்தது அது மட்டுமில்லை. அம்மம்மா ஒவ்வொரு வருசமும் "வாற திருவிழாவுக்கு ஊருக்கு வருவன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா. நாங்களும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இந்த இரண்டு வருசத்துக்கு மேலாக அவ நினைத்தாலும் விமானமேறி வந்திருக்க முடியாது. எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. இங்கே யாருக்காவது ஏதாவது நடந்திருந்தால், அவசரத்துக்கு ரிக்கட் போடுகிறபோதுதான் தெரிந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், 'பாஸ்போட் வேணுமோ' என்ற கேள்வியைக் கப்பலோடு மட்டும் முடிக்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள உங்கள் வீட்டு வயதானவர்களின் பாஸ்போட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே ஒருதரம் கேளுங்கள். கார்ட் இருக்கு, பி.ஆர். இருக்கு என்று அவர்கள் சொல்வார்கள். அது இருக்கிற நாட்டில் இருப்பதற்கு. ஊருக்கு வருவதற்கு இது வேண்டும்.

பிறகு வேலை என் தலையில் விழுந்தது. பாஸ்போட் புதுப்பிக்க அம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். சித்தியிடம் இருந்தது மடித்து மடித்துக் கிழிந்த பழைய பிரதி. நான் பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பம் நிரப்பிப் புதுப் பிரதி எடுத்தேன். அதில் அம்மம்மாவின் பெயர் ஒரு மாதிரி, பழைய பாஸ்போட்டில் இன்னொரு மாதிரி, கிறீன் கார்ட்டில் மூன்றாவது மாதிரி. அப்பா பெயர், கணவர் பெயர், ஒரு 'ஏ' கூடியும் குறைந்தும். எங்கள் ஆட்களுக்கு இது புதுசில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத எங்களிடம் வந்து குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிற எல்லா விண்ணப்பத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. கப்பலுக்குப் புக்கிங் போடுகிறபோது பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற எழுத்தைப் பார்த்தே பெயரை நிரப்புங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரையோ கல்யாணத்துக்குப் பிறகு மாறிய பெயரையோ போட்டுவிட்டுத் துறைமுகத்தில் நின்று விளங்கப்படுத்த வேண்டாம்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் சித்தப்பா விக்ரோரியாவைப் பற்றிக் கதைத்தார். "எல்லாரும் பூந்தோட்டம் பாக்கப் போகினமாம். நான் இறங்கமாட்டன் போல."

ஏன் என்று கேட்டேன். "அங்கதானே பிள்ளை, கப்பல் வந்தது."

எந்தக் கப்பல் என்று எனக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. 2009 ஒக்ரோபரில் எழுபத்தாறு தமிழ் ஆண்களோடு வந்த ஓஷன் லேடியை விக்ரோரியாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். அடுத்த வருசம் 2010 ஓகஸ்ட்டில் 492 பேரோடு வந்த சன் சீ கப்பலைப் பக்கத்திலுள்ள எஸ்குவிமால்ட் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள், நாற்பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். வழியில் ஒருவர் இறந்தும் போனார். வந்தவர்களை இறக்கித் தடுப்பில் வைத்து முதலில் கேட்டது, நீ யார், அதை நிரூபிக்கப் பத்திரம் என்ன என்பது. சிலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்த ஒருவர் அந்தச் சன் சீயில் வந்தவர்.

அதே கரையில் இப்போது பின்னேரத்தில் பெரிய வெள்ளைக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டபடி பூந்தோட்டம் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அதில் நாலு பேர் என்னுடைய ஆட்கள். ஆனால் பாஸ்போட் கொண்டு போகலாமா விடலாமா என்று விவாதிக்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை அன்றைக்கு நான் யோசித்தேன். சித்தப்பா எங்கே போனாலும் பாஸ்போட்டை நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டு போவார். தம்பி அதைப் பகிடி பண்ணுவான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிக் காட்டி வளர்ந்த ஆளுக்கு, தாள் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதே பயம். அந்தப் பயம் கூடிப்போனது என்று நீங்கள் சொல்லலாம். காரணமில்லாதது என்று சொல்ல முடியாது.

ஆனாலும் சித்தப்பாவோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கொண்டு போவது வேறு, கரையில் இறங்கும்போதெல்லாம் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிவது வேறு. அந்தத் துறைமுகத்தில் பாஸ்போட் காட்டவேண்டும் என்று கப்பல்காரர் சொன்னாலொழிய, அதை அறையிலுள்ள பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போவது நல்லது. கையில் கப்பல் அட்டையும், ஒரு படமுள்ள அடையாள அட்டையும், பாஸ்போட்டின் படப் பக்கத்தின் நிழற்பிரதியும் போதும். தொலைபேசியில் ஒரு படம், வீட்டில் ஒருத்தரிடம் ஒரு படம். நீங்கள் கரையில் தங்கிவிட்டால் பெட்டகத்தைத் திறந்து பார்த்துப் பாஸ்போட்டை முகவரிடம் விட்டுப் போவது கப்பல்களில் இருக்கிற நடைமுறைதான். ஒன்றையும் இதோடு பாருங்கள்: பயணம் முடிந்து ஆறு மாதத்துக்காவது பாஸ்போட் செல்லுபடியாக இருக்கட்டும், பல நாடுகள் அதைக் கேட்கின்றன.

இலங்கைப் பாஸ்போட்டோடு போகிறவர்களுக்கு இன்னொரு சொல். கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் அது இரண்டாவது வருகை. மத்தியதரைக் கடலில் இத்தாலியில் ஏறி, துருக்கிக்குப் போய், திரும்ப கிரேக்கத்துக்கு வருகிற கப்பலுக்கு ஒரு தடவை மட்டும் உள்ளே போகிற ஷெங்கன் வீசா காணாது, பல தடவை வீசா வேண்டும். கப்பல் கொம்பனி ரிக்கட் விற்கிறபோது இதைப் பெரிய எழுத்தில் சொல்லாது. பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பயணியின் பொறுப்பு என்று சின்ன எழுத்தில் சொல்லும். ஏற்றாமல் விட்டால் காசும் திரும்பி வராது.

அந்தக் கப்பல்களில் வேலை செய்கிற எங்கள் பெடியளையும் இதில் மறக்கக்கூடாது. அவர்களுக்கு 'வேணுமோ' என்ற கேள்வியே இல்லை. பல கப்பல்களில் வேலைக்கு ஏறியதும் பாஸ்போட்டைக் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். மாலுமிகளின் அடையாளப் பத்திரம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2003 ஆம் ஆண்டுச் சமவாயம், அந்தப் பத்திரம் எப்போதும் மாலுமியின் கையிலேயே இருக்கவேண்டும், எழுத்தில் அவர் சம்மதித்தால் மட்டுமே கப்பற்தலைவர் பாதுகாப்புக்காக வைத்திருக்கலாம் என்கிறது. தன்னுடைய பத்திரம் யாருடைய லாச்சியில் இருக்கிறது என்பது விடுமுறைக்குப் போகிறவருக்கு ஒரு சின்ன விசயம். வேலைக்குப் போகிறவருக்கு அது சின்ன விசயமில்லை.

இங்கே எங்களுக்கும் கடல் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. 2023 யூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையில் நின்றது. அதே வருசம் ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. சில மணித்தியாலப் பயணம். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் விலக்கு ஒன்றும் இல்லை, பாஸ்போட்டும் இந்திய வீசாவும் வேண்டும். 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் பாஸ்போட் அலுவலகம் திறந்தபிறகு பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறுகிற தேவையாவது குறைந்திருக்கிறது. இப்போதைக்கு எங்கும் போகிற எண்ணம் இல்லாவிட்டாலும் எடுத்து வைத்திருங்கள் என்று என் வயதுக்காரருக்குச் சொல்வேன்.

கடைசியில் தம்பி அட்டையை விட்டுவிட்டு முழுப் பாஸ்போட்டுக்கே விண்ணப்பித்தான். நான் சொன்னதால் இல்லை. "அம்மம்மாவை இடையில ஆஸ்பத்திரியில இறக்கினால் ஆர் கூட நிக்கிறது? நான்தானே" என்றான். அந்த வாதம் எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மம்மாவின் விண்ணப்பம் தூதரகத்துக்குப் போய்விட்டது. யூனுக்கு முன்னம் வருமா தெரியாது. வராவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவது என்று முடிவு. நேற்று அம்மம்மாவோடு கதைத்தேன். அலாஸ்காவில் பனி பாக்கலாம், திமிங்கிலம் பாக்கலாம் என்று சொன்னேன்.

"பனி கிடக்கட்டும் பிள்ளை" என்றா. "பாஸ்போட் வந்தவுடன ரிக்கட் பாக்கச் சொல்லு. திருவிழா எப்ப கொடியேறுது?"